ஓங்கில் புதைத்த இடத்தைக் காட்டியவள்

கம்பம்
12.8.2003

அன்பு மகள் வேல்விழிக்கு அப்பா மலைச்சாமி எழுதுவது. நானும் உன் அம்மாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் எழுதியிருக்கிறாய், அதைத்தான் நம்ப முடியவில்லை. லோயர் கேம்ப்பிலிருந்து அணைத் தண்ணீர் வருகிறது, திராட்சை கவாத்து முடிந்து துளிர்விட்டிருக்கிறது. உன் தம்பி திலீபன் மருந்தடிக்கிற விஷயத்தில் என் பேச்சைக் கேட்பதில்லை, இந்த வீட்டில் யார்தான் கேட்டீர்கள். டீச்சர் வேலைக்குப் போகச் சொன்னேன், நீ ராமநாதபுரம் கடற்கரைக்கு மீன் எண்ணப் போனாய். அது மீன் இல்லை, ஓங்கில், டால்பின் என்பார்கள், குட்டிக்குப் பால் கொடுக்கிற உயிர் என்று என்னைத் திருத்தி எழுதினாய். இருக்கட்டும்.

வலையில் ஓங்கில் சிக்கினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுவோம் என்று அந்த ஊர்க்காரர்கள் உன்னிடம் ஒத்துக்கொண்டார்கள். அப்படியும் சிலர் வலை வீணாகும் என்று அடித்துக் கொன்று மணலில் புதைத்தார்கள். புதைத்த இடத்தை மீன் விற்கிற ஞானபாக்கியம் உனக்குக் காட்டினாள். அதுவரை சரி. ஊர்க் கூட்டத்தில் அவளை எழுப்பி நிறுத்தி, பெயரைச் சொல்லி, எல்லோரையும் கைதட்டச் சொன்னாயே, யாரைக் கேட்டுச் செய்தாய்? அதன் பிறகு ஒரு சண்டையும் இல்லை, மீன் ஏலக் கொட்டகைக்கு அவள் வந்தால் ஆண்கள்கூட எழுந்து இடம் கொடுக்கிறார்கள், ஊர் மாறிவிட்டது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். படித்ததும் திலீபனைக் கூப்பிட்டு அந்த வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னேன்.

நீ ஹாஸ்டலில் இருந்தபோது நம் பக்கத்துத் தோட்டம் சின்னக்கருப்புக்கு நடந்தது உனக்குத் தெரியாது. காட்டைக் காக்கக் குழு அமைக்கிறேன் என்று படித்த பையன் ஒருவன் வந்தான். மானுக்குக் கண்ணி வைக்கிறவர்கள் யார் என்று சின்னக்கருப்பு அவனிடம் சொன்னான். அந்தப் பையன் குழுக் கூட்டத்தில் இவனுக்குச் சால்வை போர்த்தினான். அப்புறம் ஒருவரும் இவனைத் திட்டவில்லை. டீக்கடைக்குப் போனால் பெஞ்சே காலியாகும். “அண்ணே, எல்லாரும் மரியாத குடுக்காக, அதாண்ணே பயமா இருக்கு” என்று என்னிடம் வந்து சொன்னான். போடா கிறுக்கா என்று நான் சிரித்தேன். அவன் அம்மா செத்தபோது பாடை தூக்க ஆள் வரவில்லை, நானும் திலீபனும் போய் நின்றோம். அந்த வாரமே அவன் திராட்சைப் பந்தல் கம்பியை அறுத்துவிட்டார்கள், பழுத்த குலையெல்லாம் மண்ணில் கிடந்தது. சால்வை போர்த்தியவன் அதற்குள் வேறு ஊருக்கு வேலை மாறிப் போயிருந்தான். சின்னக்கருப்பு மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போனான், இன்றுவரை ஊர்ப்பக்கம் வரவில்லை.

இன்னொன்றையும் கேள். நேற்று நம் வீட்டுப் போனுக்கு ஓர் ஆள் பேசினான். பெயர் சொல்லவில்லை. திராட்சைக்கு என்ன விலை என்று மரியாதையாகத்தான் விசாரித்தான். பிறகு, “ஐயா, பாப்பாவ ஊருக்குக் கூப்பிட்டுக்கங்க, இங்க கடல் சரியில்ல” என்று சொல்லி வைத்துவிட்டான். ரேடியோ செய்தியைக் கேட்டேன், கடலில் காற்றும் இல்லை, புயலும் இல்லை. நம் நம்பர் அவனுக்கு எப்படிக் கிடைத்தது? “ஆத்தா, உடனே கெளம்பி வான்னு எழுதுங்க” என்று உன் அம்மா அழுதுகொண்டே இருக்கிறாள்.

அடுத்த மாதம் சென்னை அலுவலகத்துக்கு மாற்றல் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறாய். நீ போய்விடுவாய், ஞானபாக்கியம் அந்தக் கரையில்தான் கூடை தூக்கியாக வேண்டும். நீ போகிற நாளுக்குத்தான் அவர்கள் காத்திருக்கிறார்கள். விடியுமுன் அவளைத் தனியாகக் கரைக்கு அனுப்பாதே, கூடவே நட. நடந்ததையெல்லாம் கலெக்டர் ஆபீசில் எழுதிக் கொடு, அவள் பெயரை முன்னால் போடாதே, உன் பெயரைப் போடு. அங்கே இருக்க முடியாது என்று ஆகிவிட்டால் அவளையும் அவள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு இங்கே வா, தோட்டத்து வீட்டைக் கூட்டிப் பெருக்கிவைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உனக்கும் அவளுக்கும் ஒரு குறையும் வராமல் தெய்வம் பார்த்துக்கொள்ளட்டும். நேரத்துக்குச் சாப்பிடு. உன் அம்மா என்ன சொன்னாலும் சரி, ஞானபாக்கியத்தை விட்டுவிட்டு நீ மட்டும் வந்தால் நான் கதவைத் திறக்கமாட்டேன்.

உன் அப்பா
மலைச்சாமி