சிங்களத்தில் போட்ட பெட்டிசம்

அன்புள்ள அக்கா,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இதை யாருக்கும் காட்டாதே. வாசித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ஐந்து மாதத்துக்குப் பிறகு அம்மா நேற்றுத்தான் தண்ணீர் பிடிக்கும் பீலிவரை நடந்தார். இத்தனை நாளும் நான்தான் அவரைத் தூக்கித் துடைத்து, கஞ்சி ஊட்டினேன். ஒவ்வொரு வாய்க்கும் தோட்டத்து மருந்துசாலையைப் பார்க்கும் மருந்தையாவைத்தான் நினைத்துக்கொண்டேன். காய்ச்சலில் நடுங்கியவரிடம், "ரப்பர் பால் வெட்ட வலிக்குதோ செவனம்மா? நடிப்பு ஜோரா இருக்கு, போ போ!" என்று சிரித்தானே! அவன் அனுமதித் துண்டு எழுதித் தராமல் ஆஸ்பத்திரிக்கு லொறி கிடைக்காது. மூன்றாம் நாள், நினைவிழந்த பிறகுதான் அம்மாவைக் கொண்டுபோனோம்.

அதனால் தோட்டத்தை நடத்தும் பெரிய துரைக்கு அவனைப் பற்றிப் புகார் எழுதிப் பெட்டிசம் போட்டேன். பெயர் போடவில்லை. துரைக்கு விளங்கட்டும் என்று சிங்களத்தில் எழுதினேன். திங்கட்கிழமை அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அன்றைக்கு வயிறு நிறையச் சாப்பிட்டேன், அக்கா.

இன்றுதான் உறைத்தது. நம் லயத்து வீடுகளில் சிங்களம் பேசாதவர் இல்லை, ஆனால் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். பின்னேரம் கங்காணி வந்து, கையெழுத்தை ஒத்துப் பார்க்க என் சிங்களக் கொப்பியை வாங்கிப் போனார். ஆனாலும் மறுபடி எழுதச் சொன்னால் எழுதுவேன், இன்னும் மோசமாக

கதவைத் தட்டுகிறார்கள். "செவனம்மா, மகள வெளிய அனுப்பு!" மருந்தையாவின் குரல்