எங்கள் பூத்தில் விழுந்த ஒத்த ஓட்டு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

நீ என்னிடம் பொய் சொல்லிவிட்டுச் செத்துப்போனாய். சந்தேகப்பட்டுச் சொல்லவில்லை. நம் பூத்தின் ஓட்டு மெஷினே காட்டிக்கொடுத்துவிட்டது.

ஓட்டுப் போட்ட ஆறாம் நாள் நீ கரும்புத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. உன்னைக் குளிப்பாட்டியபோது கையிலிருந்த, கரும்புச் சோகை எரித்த கரியெல்லாம் போய்விட்டது, விரலில் வைத்த மை மட்டும் போகவில்லை. உன் காரியம் முடிவதற்குள் ஓட்டு எண்ணும் நாள் வந்துவிட்டது. சாவு வீட்டுப் பெண் வெளியே போகலாமா என்று அத்தை கேட்டாள். "போவட்டும் வுடு, அவ ஏஜெண்டு," என்றாள் அம்மா. போனேன்.

நான் சித்ரா அக்காவுக்கு ஏஜெண்ட். நீதான் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தாயே. அக்கா கூலிக்காரர்களின் சிறிய கட்சிக்காக நின்றாள், கட்டில் சின்னத்தில். "நல்ல சின்னந்தான் குடுத்துக்கிறாங்க. தோத்துட்டு வந்து படுத்துக்கலாம்," என்றாய். நான் இரண்டு நாள் உன்னோடு பேசவில்லை.

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஏஜெண்டுகள், அந்தப் பக்கம் மேசை. நம் பூத் மெஷின் வந்தது. ஊழியர் பட்டனை அமுக்க அமுக்க ஒவ்வொருவர் வாங்கிய ஓட்டும் வரிசையாக வந்தது. பதினோராவது வரிசை, கட்டில். ஒன்று.

பக்கத்தில் இருந்த பெரிய கட்சி ஏஜெண்ட் எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, உன் ஓட்டு மட்டுந்தானா? வூட்ல இருக்கறவங்ககூட போடலியா?" சுற்றியிருந்த ஏஜெண்டுகள் எல்லாம் சிரித்தார்கள். நான் குனிந்து, தாளில் எழுதிய ஒன்றின்மேல் பேனாவைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். அவமானத்தால் இல்லை அப்பா. அந்த ஓட்டு என்னுடையது இல்லை.

ஆமாம். நான் கட்டிலுக்குப் போடவில்லை. ஊர் ஊராகப் போய்க் கேட்டுவிட்டு, மறைப்புக்குள் போய் நின்றதும் பயம் வந்துவிட்டது. அக்கா எப்படியும் தோற்பாள், பழைய எம்எல்ஏ மட்டும் திரும்ப வந்துவிடக் கூடாது என்று அவருக்கு எதிரில் நின்ற பெரிய கட்சி ஆளுக்கு அமுக்கிவிட்டேன். எனக்குப் பிடித்தவர் இல்லை அவர். நீ சொல்வாயே, "ஓட்ட வேஸ்ட் பண்ணாத பாப்பா" என்று, அந்தக் குரல்தான் உள்ளே கேட்டது. கடைசியில் பழைய எம்எல்ஏவே ஜெயித்தார். என் ஓட்டும் வேஸ்ட்தான்.

அப்படியானால் அந்த ஒன்று யாருடையது?

காலனியில் யாரும் "நான்தான்" என்று சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்கள்? எல்லோரும் அது நான் என்றே நினைக்கிறார்கள். சித்ரா அக்கா வந்து என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். "உன் ஒருத்தி ஓட்டாவது சுத்தமா வந்துச்சே சரண்யா," என்று அழுதாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டேன், உண்மையைச் சொல்லவில்லை.

அது நீயாக இருக்கும் என்று அப்போது நினைக்கவே இல்லை. நீதானே காலனி முழுக்க நடந்து பழைய எம்எல்ஏவுக்குப் போடச் சொன்னவன். காரணமும் எனக்குத் தெரியும். போன தடவை நம் பூத்தில் அவருக்கு ஓட்டுக் குறைவு. ஓடைமேல் பாலம் கேட்டுப் போனபோது, அவருடைய ஆள் பூத் வாரியான தாளை விரித்து விரலால் தட்டிக் காட்டினான். "தோ பாருங்க, உங்க பூத்துல எங்களுக்கு ரொம்பக் கம்மி. எந்த மூஞ்சிய வச்சிக்கினு கேக்கறீங்க?" பாலம் பக்கத்து ஊருக்குப் போயிற்று. மலையில் மழை பெய்தால் நம் பிள்ளைகள் இன்னும் இடுப்பளவுத் தண்ணீரில் பையைத் தலையில் வைத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகிறார்கள். அன்றைக்கு நீ கூனிக் குறுகி நின்றதைப் பார்த்தேன். அந்தத் தாளுக்குப் பயந்துதான் காலனியையே அந்தப் பக்கம் திருப்பினாய்.

அந்தப் பயத்தைத்தான் நான் திட்டினேன், உன்னை இல்லை. உனக்குப் புரிந்ததா?

பொங்கலுக்கு மறுநாள் சண்டை நினைவிருக்கிறதா? நீ வேப்ப மரத்தடியில் தழை பரப்பி ஆட்டுக்கறியைக் கூறு போட்டுக்கொண்டிருந்தாய். காலனியில் உன்னை மாதிரிக் கூறு போட ஆளில்லை. மூன்று பங்குக்காரனுக்கு மூன்று கூறு, ஒரு பங்குக்காரிக்கு ஒரு கூறு. ஈரல் எல்லாக் கூறிலும் ஒரு துண்டாவது இருக்கும், எலும்பும் இருக்கும். மலையிலிருந்து கரும்பு வெட்ட இறங்கி வந்த சடையன் அண்ணனும் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"யப்பா, ஜாஸ்தி பங்கு போட்டவன் முழு ஆட்டையும் தூக்கிக்கினு போனா வுடுவியா?" என்று கேட்டேன்.

"கைய வெட்டிப்புடுவேன்."

"எலெக்‌ஷன்ல அதான நடக்குது? பாதிப் பேருக்கு மேல வாணான்னு சொன்ன ஆளு, மத்தவன விட நாலு ஓட்டு ஜாஸ்தி வாங்கிட்டா தொகுதியே அவனுது. மத்தவங்க ஓட்டுக்கு எலும்புகூட இல்ல."

நீ கத்தியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாய். "ஆட்டக் கூறு போடலாம். எம்எல்ஏவக் கூறு போட முடியுமாடி?"

"எம்எல்ஏவ இல்லப்பா. சட்டசபைய."

சடையன் அண்ணன் கைதட்டினார். "பாப்பா சொல்றது சரிதான்யா. கல்வராயன்ல நாங்க கொஞ்சம், ஜவ்வாதுல கொஞ்சம், பச்சமலையில கொஞ்சம். ஒவ்வொரு மலையும் ஒவ்வொரு தொகுதியில சிக்கிக்கினு இருக்குது. எங்க போனாலும் கீழ இருக்கறவங்கதான் ஜாஸ்தி. எல்லா மலை ஓட்டையும் ஒண்ணாக் கொட்டி எண்ணுனா எங்களுக்கும் ஒரு கூறு வரும்ல?"

நீ விடவில்லை. "அப்ப பாலம் வேணும்னா எவன் வூட்டு வாசல்ல போய் நிக்கறது?" என்றாய். நல்ல கேள்வி. தொகுதிக்கு ஒரு ஆள் இருக்கட்டும், அதோடு ஒவ்வொரு கட்சியும் மொத்தமாக வாங்கிய ஓட்டுக்கு எவ்வளவு இடம் குறைகிறதோ அதைத் தனிப் பட்டியலிலிருந்து நிரப்பலாம், அப்படி நடத்தும் நாடுகள் இருக்கின்றன என்றேன். நூற்றுக்குப் பத்து ஓட்டு என்றால் நூற்றுக்குப் பத்து நாற்காலி. இதற்குப் பெயர் விகிதாச்சாரப் பிரதிநிதித்துவம் என்றேன். "பேரே வாய்ல நொழைய மாட்டேங்குது, இது எங்க வரப்போவுது," என்று ஈரலை நறுக்கப் போய்விட்டாய். அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன்.

ஓட்டுப் போடும் அன்று காலையில் திடீரென்று கேட்டாய். "கட்டிலு எத்தினியாவது வரிச?"

"மேலேர்ந்து பதினொண்ணு. இன்னாத்துக்கு?"

"தப்பித் தவறி அதுல வெரலு பட்றக் கூடாது பாரு." எனக்கு எரிந்தது. திரும்பிக்கூடப் பார்க்காமல் பூத்துக்குப் போய்விட்டேன்.

போன வாரம்தான் அம்மாவிடம் கேட்டேன். "அப்பா ஓட்டுப் போட்டுட்டு வந்து இன்னா சொன்னாரு?" அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "இன்னா சொல்வான்? கஞ்சியக் குடிச்சிட்டு, நம்ப கூற வச்சிட்டு வந்துட்டேன்னான். ஆடு எங்கடான்னு கேட்டேன். சிரிச்சிக்கினே போயிட்டான்."

கேட்டதும், அன்று காலையில் நீ வரிசை கேட்டது நினைவுக்கு வந்தது. எழுத்துத் தெரியாத நீ, மேலிருந்து பதினொன்று விரல்விட்டு எண்ணியிருக்கிறாய். ஊரைப் பாலத்துக்காக ஒரு பக்கம் அனுப்பிவிட்டு, நீ மட்டும் போய் உனக்குப் பிடித்ததை அமுக்கியிருக்கிறாய். பாடம் நடத்திய நான் பயந்து ஓடியிருக்கிறேன். ஏன் என்னிடம் சொல்லவில்லை? நான் ஜம்பம் அடிப்பேன் என்றா? நான் கட்டிலுக்குப் போடமாட்டேன் என்றும் தெரிந்துதான் இருந்ததா?

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். ஜெயித்தவர் நன்றி சொல்ல வந்தார், திறந்த வண்டியில் மாலையோடு. காலனிப் பெண்கள் ஆரத்தித் தட்டோடு இந்தக் கரையில் நின்றார்கள். வண்டி ஓடைக்கு அந்தக் கரையிலேயே நின்று, கும்பிட்டுவிட்டுத் திரும்பிப் போயிற்று. பாலம் இல்லையாம்.

முறையை மாற்றினால் மறுநாளே பாலம் வந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். பட்டியலிலும் பணக்காரனையே போடுவார்கள், அதற்கும் சண்டை போட வேண்டியிருக்கும். ஆட்சி ஆட்டம் காணும் என்கிறார்கள், காணட்டும், கூடி உட்கார்ந்து பேசட்டும். ஆனால் ஒருத்தன் பூத் தாளை விரித்து என் அப்பாவின் முதுகை வளைக்க முடியாது. தோற்ற ஊரின் ஓட்டும் எங்கேயோ யாரையோ நாற்காலியில் உட்கார வைத்திருக்கும். நீ பதினோராவது வரிசையில் போட்டதும், சடையன் அண்ணன் மலையில் போட்டதும், முகம் தெரியாத கூலிக்காரர்கள் வேறு வேறு தொகுதிகளில் போட்டதும் ஒரே கூடையில் விழுந்திருக்கும். இப்போது அது எங்கே இருக்கிறது? மூடி முத்திரை வைத்த ஒரு மெஷினுக்குள்.

ஞாயிற்றுக்கிழமை சித்ரா அக்கா காலனிக்கு வருகிறாள். நீ கூறு போடும் அந்த வேப்ப மரத்தடியில் எல்லோரையும் கூட்டச் சொல்லியிருக்கிறேன். அந்த ஓட்டு என்னுடையது இல்லை, என் அப்பாவுடையது என்று எல்லோர் எதிரிலும் சொல்வேன். காறித் துப்பினால் துடைத்துக்கொள்வேன். பிறகு இந்த முறையை மாற்றச் சொல்லிக் கையெழுத்து வாங்க ஆரம்பிப்பேன், காலனியில் தொடங்கி மலை வரைக்கும். இனி என் விரல் பயந்து எந்தப் பட்டனையும் அமுக்காது. இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

ஜெயித்தவரிடமும், தோற்ற பெரிய கட்சிக்காரர்களிடமும், இந்த முறையே போதும் என்கிற எல்லோரிடமும் ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். என் அப்பா மையோடு புதைந்துவிட்டார். அவர் தன் பங்கை வைத்துவிட்டுத்தான் போனார்.

எங்கப்பாவோட கூறு எங்கே? எடுத்து வையுங்கள்.

கட்டிலுக்குப் போடாத உன் மகள்,
சரண்யா