தெருமுனையில் நாங்கள் போட்ட கரை

என் உயிரான அக்காவுக்கு,

இந்தக் கல்லறைத் திருநாளுக்கு உன் கல்லறைக்கு நான் வரவில்லை. கேட்டவர்களிடம் மழையைச் சாக்குச் சொன்னேன். மழையாவது மண்ணாவது! உன் முகத்தில் விழிக்க வெட்கமாக இருந்தது, அதுதான் நிஜம்.

பக்கத்துக் குப்பத்துக்குக் கல் கொட்டிய வருடம் நினைவிருக்கிறதா? லாரி லாரியாகக் கருங்கல் வந்து இறங்கியது. அவர்கள் கரை தப்பித்தது. கடல் இந்தப் பக்கம் திரும்பி உன் குப்பத்தை அரித்தது. முதலில் வலை காயப்போடும் மணல் போனது, அப்புறம் சமையற்கட்டு, கடைசியில் வீடே போனது. "அவுங்க ஊட்டுக்குக் கல்லு, எங்க ஊட்டுக்குக் கடலா? நல்லா இருப்பாங்களா?" என்று மண்ணை வாரித் தூற்றினாய். நானும் கூடச் சேர்ந்து சபித்தேன்.

இப்போது கடற்கரைக்கென்றே ஒரு சட்டம் வந்திருக்கிறது அக்கா. அலை ஏறும் இடத்திலிருந்து இவ்வளவு தூரத்துக்குள் எதுவும் கட்டக் கூடாதாம். வீடே போனவளுக்கு எதற்கடி சட்டம் என்று கேட்டிருப்பாயோ?

உன் மகள் ஸ்டெல்லாவுக்கு எங்கள் அம்பத்தூர் காலனிக்குப் பின்னால், பள்ளத்தெருவில் நான்தான் வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தேன். கடல் எட்டாத இடம், கவலைப்படாதே என்று உன்னிடம் எவ்வளவு பெருமையாகச் சொன்னேன்!

போன வாரம் ஏரி நிரம்பி எங்கள் தெருவுக்குள் தண்ணீர் ஏறியது. காலனி ஆண்கள் தொழிற்பேட்டை எஸ்டேட்டுக்குப் போய், இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கழித்துக் கொட்டிய கரிய மணலை அள்ளி வந்தார்கள். பெண்கள் நாங்கள் சாக்கைப் பிடித்தோம். தெருமுனையில் மூட்டைகளை அடுக்கிக் கரை போட்டதும் தண்ணீர் நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள். அந்தத் தண்ணீர் பள்ளத்தெருவுக்குத்தானே போகும் என்று எனக்குத் தோன்றியது அக்கா. தோன்றியும் வாயை மூடிக்கொண்டு எல்லோருக்கும் டீ ஆற்றிக் கொடுத்தேன்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஸ்டெல்லா வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். கட்டில்மேல் அடுப்பை வைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பு, நம்ம ஊட்டுக்கு வந்துடு," என்றேன்.

"நா மட்டும் வந்தா ஆச்சா சித்தி? தெருவே வந்தா உங்க ஊட்ல எடம் கீதா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "அந்த மூட்டையக் கொஞ்சம் எடுக்கச் சொல்லேன்."

செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. நாம் சபித்தோமே, அந்தக் குப்பத்துக்காரர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "மழை விடட்டும், சங்கத்துல பேசிக்கலாம். காலனியப் பகைச்சிக்காத," என்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு நானும் இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன். என்ன பிறவி நான்! மழை இன்னும் விடவில்லை.

இனி யாரையும் கேட்கப் போவதில்லை அக்கா. இதை மடித்து வைத்துவிட்டுத் தெருமுனைக்குப் போகிறேன். முதல் மூட்டையை நான் இழுக்கிறேன், தெருவே கூடி நின்று ஏசட்டும். தண்ணீர் எங்கள் வீட்டுக்குள்ளும் வரட்டும். கட்டில்மேல் அடுப்பை வைத்து நானும் சமைத்துக்கொள்கிறேன்.

உன் கூடப்பிறந்தவள் என்று சொல்லக் கூசும்
தங்கச்சி லூர்து