தினேஷிடம் நீ சொன்னதெல்லாம்

என் தங்கச்சி எஸ்தருக்கு,

உன் மகள் பியூலாவின் ரிசல்ட்டைக் கடைசியில்தான் சொல்லப்போகிறேன். தொடர்கதையைக்கூடக் கடைசிப் பத்தியிலிருந்து படிக்கிறவள் நீ. இன்றைக்கு ஒரு நாள் எனக்காகப் பொறுத்துக்கொள்.

முதலில் வீட்டுச் சேதி. உன் வீட்டுக்காரர் சாமுவேல் தம்பி ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் முடிந்து நேராக எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். நீ இருந்தபோது உன் குழம்பைக் குறை சொல்லாமல் அவர் ஒரு நாளும் கை கழுவியதில்லை. இப்போது எதைப் போட்டாலும் நல்லா இருக்குக்கா என்கிறார். எனக்கு அதைக் கேட்கத்தான் சகிக்கவில்லை. உன் ரோஜாத் தொட்டிகளுக்கு நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்று மட்டும் பட்டுப்போய்விட்டது.

நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருக்கிற இடுப்பளவு சுவர் அப்படியேதான் இருக்கிறது. காலையில் பால் பாக்கெட் எடுக்க வரும்போது கண் தானாக உன் பக்கம் போகிறது. இத்தனை மாதமாகியும் அதற்குப் புத்தி வரவில்லை.

அந்தச் சுவரில்தான் நம் பண்டமாற்று தொடங்கியது, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் இரண்டும் பத்தாவது முடித்து, முதல் வருட பி.யு.சி.யில் தட்டுத்தடுமாறிப் பாஸான சமயம். சாயங்காலமானால் நம் சந்தில் இரண்டு கச்சேரி. இங்கே நான் தினேஷைத் திட்டுவேன், அங்கே நீ பியூலாவைத் திட்டுவாய். கோபம் முற்றினால் உனக்குக் கன்னடம்தான் வரும். பேசாமல் உட்கார் என்பதை நீ 'சும்னே கூத்கோ' என்று ஆரம்பித்தால் மாடியில் இருக்கிற ஹவுஸ் ஓனரம்மா டிவி சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்பாள். ஒரு நாள் இரண்டு பேரும் கத்திக் களைத்து ஒரே நேரத்தில் வாசலுக்கு வந்தோம். நீ சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னாய்.

"அக்கா, உங்க பையனை இங்க அனுப்புங்க. என் பொண்ணை நீங்க வெச்சிக்கோங்க. அடுத்த வீட்டுப் பிள்ளைமேல இவ்ளோ கோவம் வராது இல்ல?"

நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்று பழமொழியை வேறு எடுத்துவிட்டாய். மறுநாள் சாயங்காலம் தினேஷ் கணக்குப் புத்தகத்தோடு உன் வீட்டுக்குப் போனான். பியூலா கெமிஸ்ட்ரி நோட்டோடு எங்கள் சாப்பாட்டு மேஜைக்கு வந்தாள்.

அந்தப் பாடமெல்லாம் நமக்கு என்ன தெரியும்? நான் எஸ்.எஸ்.எல்.சி., நீ அதற்குமேல் டைப்ரைட்டிங். இன்டக்ரேஷன் குறிக்கு நீ கொக்கி என்று பேர் வைத்திருந்தாய். கைடைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, விடையை ஒவ்வொரு எழுத்தாக விரலால் தொட்டுச் சரிபார்ப்பாயாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பதுதான் நம் வேலை. கரண்ட் போனால் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், தூங்கி விழுந்தால் தட்டி எழுப்பிக் காபி கொடுக்க வேண்டும். ஆனால் சண்டை நின்றுவிட்டது, எஸ்தர். பியூலா ஒரு தப்பு செய்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அதே தப்பை என் மகன் செய்தால் என் தலையெழுத்தே கண்முன்னால் வந்து நிற்கும். இது என்ன நியாயம் என்று நாம் இரண்டு பேருமே கேட்டுக்கொள்ளவில்லை.

காலேஜ் யோசனையும் அந்தச் சுவரில்தான். உனக்கு ஒரே நிபந்தனை, பஸ் மாறாமல் போகிற காலேஜாக இருக்க வேண்டும். எவ்வளவு பெரிய காலேஜின் பேரைச் சொன்னாலும் "எத்தனை பஸ்ஸு அக்கா?" என்பாய்.

பி.யு.சி. முடிந்து, சி.இ.டி. நுழைவுத் தேர்வுக்குப் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்த ஏப்ரல் மாதம். நீ காலையிலிருந்தே தலைவலி என்று சொல்லிக்கொண்டிருந்தாய். மத்தியானம் பியூலா ஃபிஸிக்ஸ் புத்தகத்தின்மேல் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். அவளைத் தட்டி எழுப்பி, "நீயெல்லாம் எங்க உருப்படப்போற" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாய். பாத்திரம் விழுந்த சத்தம் எங்கள் வீடுவரை கேட்டது. சுவரைத் தாண்டி நான் ஓடி வந்தேன். ஆஸ்பத்திரியில், மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். நீ கண்ணைத் திறக்கவே இல்லை.

எந்த வீட்டில்தான் அம்மா அப்படித் திட்டுவதில்லை? திட்டிவிட்டுச் சாயங்காலம் முறுகலாக ஒரு தோசை வார்த்துப் போட்டால் அந்தத் திட்டு போன இடம் தெரியாது. உனக்கு அந்தச் சாயங்காலம் கிடைக்கவில்லையே, தங்கச்சி.

அடக்கம் முடிந்து வந்த பிறகு பியூலா புத்தகத்தைத் தொடவில்லை. பாஸ்டர் வந்து ஜெபம் பண்ணிவிட்டுப் போனார். சாமுவேல் தம்பி, இந்த வருஷம் வேண்டாம்னா விட்டுடட்டும் என்றார். சாயங்காலமானால் அவள் பழக்கதோஷத்தில் என் மேஜைக்கு வந்து வெறும் கையோடு உட்காருவாள். ஒரு நாள் நான் மெதுவாகப் புத்தகத்தை எடுத்து முன்னால் வைத்தேன். அவள் அதைத் தள்ளவும் இல்லை, திறக்கவும் இல்லை.

"அம்மா கடைசியா என்கிட்ட சொன்னது அதான் ஆன்ட்டி. நான் உருப்படமாட்டேன்னு நெனச்சிக்கிட்டேதான் போனாங்க. எழுதி இன்னா ஆகப்போவுது?"

உன்மேல் அம்மாவுக்கு உயிர் என்றேன். எல்லாரும் அப்படித்தானே சொல்லுவாங்க என்றாள். அவள் சொன்னதும் சரிதான். சாவு வீட்டில் வேறு என்ன சொல்வார்கள்?

தினேஷ் அன்று வாசற்படியில் உட்கார்ந்திருந்தான். நீ போனதிலிருந்து அவனும் சரியாகச் சாப்பிடவில்லை. நான் கேட்டால் பசியில்லை என்பான். உன்னைப் பற்றிப் பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவான். அவனுக்கு யார் ஆறுதல் சொல்வது என்று யாருக்கும் தோன்றவில்லை, எனக்கும்கூட. அவன் உள்ளே வந்து பியூலாவுக்கு எதிரில் உட்கார்ந்தான். அவள் முகத்தைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்துக்கொண்டு பேசினான்.

"ஒரு கணக்கு எனக்கு வரவே இல்ல. ஆன்ட்டி சொன்னாங்க, 'பர்வாயில்ல கண்ணு, இன்னொரு வாட்டி போடு. எங்க பியூலா இதை ஒரு வாட்டி பார்த்தா போதும், போட்டுடுவா. அவகிட்ட சொல்லிடாத, தலைக்கேறிடும்'னு."

பியூலா நிமிர்ந்து பார்த்தாள். "கண்ணுன்னா சொன்னாங்க?"

"ஆமா."

"எப்படிச் சொன்னாங்க? இன்னொரு வாட்டி சொல்லு."

அவன் சொன்னான். உன் குரலை அவன் மிமிக்ரி செய்யவில்லை. ஆனால் அந்தக் 'கண்ணு'வை நீ இழுக்கிற இழுப்பு அவன் வாயில் அப்படியே இருந்தது. பியூலா மேஜையில் கவிழ்ந்து அழுதாள். அடக்கத்தன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நான் அடுப்படிக்குப் போய் நின்றுகொண்டேன்.

பெற்ற பிள்ளையை முகத்துக்கு நேரே புகழக் கூடாது, பெற்றவள் கண்ணே பட்டுவிடும் என்றுதானே நாம் இரண்டு பேருமே வளர்ந்தோம்? உன் மகளிடம் சொல்லாததையெல்லாம் நீ என் மகனிடம் சொல்லி வைத்திருக்கிறாய். அவளுக்குக் கிடைத்தது உன் கன்னடம். உன் 'கண்ணு'வும் 'ராஜா'வும் என் பையனுக்குக் கிடைத்தன. நீ இருந்திருந்தால் அதில் ஒரு குறையும் இல்லை, என்றைக்காவது அவள் கல்யாணத்திலோ பிள்ளைப்பேற்றிலோ வட்டியும் முதலுமாகக் கொடுத்திருப்பாய்.

மறுநாள் பியூலா புத்தகத்தோடு வந்தாள். படிப்பு முடிந்ததும் தினேஷ் ஒன்று சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குள் ஒப்பந்தம். அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று நீ சொன்னதை ஒரு நாள் சொன்னான். காய்ச்சலோடு ஸ்கூலுக்குப் போய் அவள் பரிசு வாங்கி வந்த கதையை இன்னொரு நாள். அவள் சிரிப்பாள், சில நாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவாள். அப்படித்தான் அந்தப் பெண் சி.இ.டி.க்குப் படித்தாள், எஸ்தர்.

பரீட்சையன்று மட்டும் அவரவர் பிள்ளையோடு அவரவர் போவது என்று நீயும் நானும் பேசி வைத்திருந்தோம் அல்லவா? இரண்டு பேருக்கும் வேறு வேறு சென்டர். நான் என்ன செய்வதென்று தெரியாமல் டிபன் கட்டிக்கொண்டு நின்றேன். "நீ பியூலாகூட போம்மா, நான் அப்பாகூட போறேன்" என்று தினேஷ் செருப்பை மாட்டிக்கொண்டான். சென்டர் வாசலில் மற்ற அம்மாக்களோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்திலிருந்த அம்மா, உங்க பொண்ணா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நீ கோபித்துக்கொள்ள மாட்டாய் என்று நினைத்தேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, வந்து திட்டேன்.

சரி, இனி உன்னைக் காக்க வைக்கவில்லை. உன் மகளுக்கு இன்ஜினியரிங் கிடைத்துவிட்டது, எலக்ட்ரிகல், மைசூரில். கவுன்சலிங் ஹாலில் அவளே தேர்ந்தெடுத்தாள், சாமுவேல் தம்பி பக்கத்தில் நின்று தலையாட்டினார். மைசூருக்கு ஒரே பஸ்தான், ஆனால் அதைப் பிடிக்க மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டுக்குப் போக ஒரு பஸ். உன் கணக்குப்படி அது மாறுவதுதான். அதனால் அவளை ரயிலில் ஏற்றினோம். தினேஷுக்கு இங்கேயே ஊருக்கு வெளியே ஒரு காலேஜ். அவன் மாறுவது மூன்று பஸ், கேட்டால் நீ மயக்கம் போடுவாய்.

ரயில் கிளம்பும்முன் பியூலா ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டு தினேஷைக் கூப்பிட்டாள். "உங்க அம்மா உன்னைப் பத்தி என்கிட்ட இன்னா சொல்லுவாங்க தெரியுமா?" என்று ஆரம்பித்தவள், என்னைப் பார்த்ததும் நிறுத்திவிட்டாள்.

"நீங்களே சொல்லிடுங்க ஆன்ட்டி. நீங்க இருக்கீங்க இல்ல."

அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. நான் இருக்கிறேன். இருந்துகொண்டு என்ன செய்துகொண்டிருந்தேன்? ஒரு நாள் தட்டில் சாதம் போட்டுவிட்டு, "நீ நல்ல பையன்டா, உன்னை மாதிரி ஒருத்தன் எனக்குப் பிறந்தது என் அதிர்ஷ்டம்" என்று தினேஷிடம் சொல்லிவிட்டேன். அவன் உடம்பு சரியில்லையாம்மா என்று கேட்டான். அவன் கை கழுவிவிட்டு வந்ததும் உப்பும் மிளகாயும் எடுத்து அவனுக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டேன். ஜென்மத்துப் பழக்கம் ஒரு நாளில் போகுமா?

பியூலா ஞாயிற்றுக்கிழமைதோறும் ஹாஸ்டல் எதிரில் இருக்கிற எஸ்.டி.டி. பூத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் பேசுகிறாள். அப்பாவோடு பேசுவாள், என்னோடு பேசுவாள், கடைசியில் தினேஷ். ஒப்பந்தம் இன்னும் நிற்கிறது. மீட்டர் ஓடுகிறது சீக்கிரம் சொல்லு என்பாளாம்.

போன வாரம் அவன் போனை வைத்துவிட்டு நகராமல் நின்றான். நீ சொன்னதெல்லாம் தீர்ந்துபோயிற்று, எஸ்தர். தீர்ந்து சில வாரம் ஆகிறதாம். அவனாகவே இட்டுக்கட்டிச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான். ஹாஸ்டலில் அவள் நன்றாக இருப்பாள், எல்லாரோடும் ஒத்துப்போவாள் என்று ஆன்ட்டி சொன்னதாக அன்றைக்குச் சொன்னானாம். அதற்கு அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

"'இது அம்மா சொன்ன மாதிரி இல்லியே'ன்னாம்மா. அப்புறம், 'பர்வாயில்ல, சொல்லு'ன்னா."

அதைச் சொல்லிவிட்டு என் மகன் அழுதான். ஆறு அடி வளர்ந்த பையன், போன் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உனக்காக அவன் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன்.

அவனிடம் தீர்ந்துவிட்டது. ஆனால் என்னிடம் இருக்கிறது. அந்தச் சுவரில் சாய்ந்துகொண்டு நீ என்னிடம் எவ்வளவு பேசியிருக்கிறாய்? பி.யு.சி. சேர்ந்து முதல் நாள் அவள் காலேஜுக்குப் போனபோது, திருப்பம்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பின்னாடி இருந்து பார்த்தா இது என் பொண்ணுதானான்னு இருக்கு அக்கா, எவ்ளோ அழகா நடக்கறா" என்றாயே. அதை அவளுக்கு யாரும் இன்னும் சொல்லவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை போனை நான்தான் எடுக்கப்போகிறேன். முதலில் அதைத்தான் சொல்வேன். பிறகு வாரம் ஒன்றாக, நீ சொன்னதை மட்டும், நீ சொன்னபடியே. அதுவும் ஒரு நாள் தீர்ந்துவிடும், எனக்குத் தெரியும். தீர்ந்த பிறகு உன் பேரைச் சொல்லி எதையும் இட்டுக்கட்ட மாட்டேன். என் குரலிலேயே அவளைக் கண்ணு என்று கூப்பிடுவேன். இப்போதிருந்தே வீட்டில் யாரும் இல்லாதபோது சொல்லிப் பார்க்கிறேன். நீ இழுக்கிற இழுப்பு மட்டும் எனக்கு வரவில்லை.

இப்படிக்கு,
சுவருக்கு இந்தப் பக்கத்து உன் அக்கா,
உன் மகளை வைத்துக்கொண்ட
சரோஜா