முள்ளங்கிக் குற்றம்

நவம்பர் 18

குளிர்காலத் தவம் தொடங்கிவிட்டது. முழுநிலா மூன்று முறை வந்து போகும்வரை மலையை விட்டு இறங்கக் கூடாது. தேநீர் வேளை தவிரப் பேசக் கூடாது. பேச்சில்லாமலே சண்டை வந்துவிட்டது. மூத்த பிக்குணிகள் இருவர்: இல்சன் தியானக் கூடத்து ஜன்னலைத் திறப்பார், மியோதாம் எழுந்து போய் மூடுவார். இருவருமே ஆசையைத் துறந்தவர்கள்.

தலை மழிப்பதற்கு முன் தேகு நகரத்தில் ஒரு கல்லூரியில் சமூகவியல் நடத்தினேன். குற்றம் சமூகத்துக்குத் தேவை என்று ஒரு பாடம். தப்புச் செய்தவனைத் திட்டும்போதுதான் மற்றவர்கள் ஒன்றுசேர்கிறார்கள்; எது சரி என்று நினைவுபடுத்திக்கொள்கிறார்கள். துறவிகளை மட்டும் ஓர் ஊரில் குடிவைத்தால் தும்மல் குற்றமாகிவிடும் என்பேன். பிள்ளைகள் சிரிப்பார்கள். பரீட்சைக்கு வருமா என்று கேட்பார்கள்.

நவம்பர் 29

இன்று தும்மல் இல்லை. முள்ளங்கி.

சாப்பிட்டதும் கிண்ணத்தை ஊறுகாய் முள்ளங்கித் துண்டால் துடைத்து, அதையும் தின்றுவிட வேண்டும். சத்தமில்லாமல். கடைசி வரிசையில் உட்காரும் போரிம் கடித்தாள். பூசான் துறைமுகத்துக்காரி, மீன்கடையில் வளர்ந்தவள், எங்களில் இளையவள். கூடம் முழுக்க நறுக்கென்று கேட்டது.

தேநீர் வேளையில் ஒழுங்கைக் கவனிக்கும் கக்சிம் சொன்னார்: “நல்லாத்தான் சாப்பிடுறே. சத்தம் கேட்டு அடிவாரத்துக்காரங்களுக்கும் பசி எடுத்திருக்கும்.”

“பல்லு இருக்கே, என்ன பண்றது?” என்றாள் போரிம்.

யாரும் சிரிக்கவில்லை. நானும்தான்.

நவம்பர் 30

இல்சனும் மியோதாமும் ஒரே கெண்டியிலிருந்து தேநீர் குடித்தார்கள். பேச்சு போரிமின் பல்லைப் பற்றி. ஜன்னல் பாதி திறந்திருந்தது, யாரும் கவனிக்கவில்லை.

டிசம்பர் 12

இப்போது எல்லாம் போரிம்தான். செருப்பு கோணலாகக் கிடந்தால் போரிம். தண்ணீர் சிந்தியிருந்தால் போரிம். நேற்று சிந்தியது மியோதாம், நான் பார்த்தேன். சொன்னேனா? மடம் இத்தனை அமைதியாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன்.

டிசம்பர் 21

குளிர்காலத்தின் மிக நீண்ட இரவு. சிவப்புப் பயறுக் கஞ்சி. போரிம் சமையற்கட்டிலிருந்து ஒரு பிடி சர்க்கரை எடுத்துத் தன் கிண்ணத்தில் போட்டுக்கொண்டாள். அது திருட்டு என்றார் கக்சிம். சபை கூடியது. எல்லோர் முன்னும் ஆயிரம் முறை விழுந்து வணங்க வேண்டும் என்று தீர்ப்பு.

திருவிழா மாதிரி இருந்தது. ஒரே குரலில் எண்ணினோம். இல்சனும் மியோதாமும் தோளோடு தோள். “இந்த வருஷம் மாதிரி ஒத்துமைய நான் பார்த்ததே இல்ல” என்று கக்சிம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் குரலும் அதில் இருந்தது. சுருதி பிசகவில்லை.

அந்தப் பாடத்துக்குக் கரும்பலகையில் நான் வரைந்த படம் அப்படியே நடந்தது. படத்தில் முழங்காலை மட்டும் வரைந்ததில்லை.

ஜனவரி 3

போரிமின் வலது முழங்கால் பூசணி மாதிரி வீங்கிவிட்டது. தியானத்தில் காலை நீட்டினாள். அது புதுக் குற்றம்.

தேநீர் வேளையில் கக்சிமிடம் போனேன். ஆஸ்பத்திரிக்கு அனுப்பச் சொன்னேன்.

“போகட்டும். போனா இந்தத் தவத்துக்குத் திரும்பி வர முடியாது. விதி.”

“கால நீட்டியாவது உக்காரட்டும்.”

“நீ படிச்சவ. ஒருத்தி நீட்டினா நாளைக்கு எல்லாரும் நீட்டுவாங்க.”

“நீட்டினா என்ன?”

அவர் தேநீர் ஊற்றிக்கொண்டார். எனக்கு ஊற்றவில்லை.

ஜனவரி 5

மடத்து வாசல்வரை வரும் காலைப் பேருந்தில் போரிம் போய்விட்டாள். படிக்கட்டில் என்மேல் சாய்ந்து இறங்கினாள். பேருந்தில் ஏறும்போது கேட்டாள்: “அக்கா, இனி யாரத் திட்டுவாங்க?”

குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள நினைத்தாள்.

ஜனவரி 7

மறுபடியும் ஜன்னல்.

ஜனவரி 16

கக்சிம்: “சோன்ஹே கொஞ்ச நாளா ஒரு மாதிரி இருக்காளே.” எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. சோன்ஹே நான்தான்.

ஜனவரி 17

மாலைத் தியானத்தில் காலை நீட்டினேன். வலியில்லை. சும்மாதான். தோளில் கக்சிமின் மூங்கில் தடி விழும் என்று காத்திருந்தேன். கக்சிம் எழுந்து வந்து பின்னால் நின்றார்.

அப்போது முன் வரிசையில் துணி உரசியது. மியோதாம் காலை நீட்டினார், முனகலோடு. எத்தனை வருஷ வலியோ. பிறகு இல்சன். மூத்தவர்கள் இருவரை அடிக்கத் தடி எழவில்லை. என்னை மட்டும் அடித்தால் நன்றாக இருக்காது. கக்சிம் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிப்ரவரி 12

தவம் முடிந்தது. அடுத்த தவத்திலிருந்து முழங்கால் நோயுள்ளவர்களுக்கு நாற்காலி என்று கக்சிம் அறிவித்தார், தாமே யோசித்தது போல. உடனே ஒன்றைக் கொண்டுவரச் சொல்லி உட்கார்ந்தும் பார்த்தார். வசதியாக இருக்கிறதாம்.

வாசலிலிருந்தே போரிமுக்குப் போன் செய்தேன். அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டதாம். நாற்காலி விஷயத்தை அவசரமாகச் சொன்னேன், பரிசு வாங்கிப் போகிறவள் மாதிரி.

“நல்லதுக்கா. பெரியவங்களுக்கு உதவும்.”

“நீயும் வரலாமே.”

போனில் அவளுக்குப் பின்னால் யாரோ மீன் விலை கூவினார்கள்.

“முடி வளர்த்துட்டேன்கா,” என்றாள். “காது வரைக்கும் வந்திருச்சு.”