கட்டடம் இருக்கு, ஓவர்

8-7, செவ்வாய்

போடியில் வெயில், மேலே ஏறினால் சாரல். ரெயின்கோட் இரண்டு இடத்தில் கிழிசல். தைக்கணும். பாப்பாவுக்கு ஜாமெட்ரி பாக்ஸ். வீட்டில் சீயக்காய் தீர்ந்தது.

இந்த வாரமும் முழுக்க எனக்கு மலை செக்போஸ்ட். கூட எஸ்.எஸ்.ஐ. பாண்டி அண்ணன், கான்ஸ்டபிள் சரவணன். ஆறு பேர் நிற்க வேண்டிய இடம். மீதி மூன்று பேர் கணக்கில் மட்டும். கேட்டால் 'அதர் டூட்டி'. ஒருவர் கோர்ட் வேலை, ஒருவர் பந்தோபஸ்து, இன்னொருவர் எங்கே என்று அவருக்காவது தெரியுமோ என்னவோ.

புது வாக்கிடாக்கி கொடுத்திருக்கிறார்கள். எது கொடுத்தாலும் எங்களுக்கு அது மைக்தான். பழையதில் ஒரு வளைவு திரும்பினால் கரகர மட்டும் வரும். புதியது மலை முழுக்கத் தெளிவாகக் கேட்கிறது. பட்டன் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

டாக்டரம்மா திட்டியது இன்னும் காதில். "தண்ணி குடிக்காம இருந்து இருந்து திரும்பத் திரும்ப இன்ஃபெக்‌ஷன். அடுத்த தடவை கிட்னிக்கு ஏறும். அப்புறம் எங்கிட்ட வராதீங்க, நேரா மதுரைக்குப் போங்க." சரிங்க டாக்டர் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். குடிக்கலாம். குடித்துவிட்டு எங்கே போவது? செக்போஸ்ட்டில் கக்கூஸ் என்று ஒரு கட்டடம் நிற்கிறது. உள்ளே பேரிகேட், உடைந்த கூம்பு, பழைய ஃபிளெக்ஸ். தண்ணீர் லைன் வரவே இல்லை. ஆம்பளைகளுக்கு மலையே இருக்கிறது. எனக்கு?

நலவாழ்வுப் பயிற்சிக்கு வந்த மேடம் தினமும் படுக்கும் முன்னால் நன்றி எழுதச் சொன்னார். மன அழுத்தம் குறையுமாம். அந்தப் பயிற்சியை எங்கள் வார லீவில்தான் வைத்தார்கள் என்பது வேறு விஷயம். ஆனாலும் எழுதிப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்.

நன்றி: ராஜம்மா சேச்சிக்கு. மேல் வளைவில் எஸ்டேட் லயம், தொழிலாளர் வரிசை வீடுகள், அதில் முதல் வீடு. ஏலத்தோட்டத்து வேலை. பிறந்தது நம்ம போடிப் பக்கத்து ராசிங்காபுரம், ஆனால் பேச்சில் பாதி மலையாளம். தோட்டத்துக்குப் போகும்போது சாவியை ஜன்னல் கட்டைமேல் வைத்துவிட்டுப் போவார், நான் பாத்ரூம் போவதற்காக. என்ன உறவு அவருக்கும் எனக்கும்? ஒன்றுமில்லை.

9-7, புதன்

காலையில் ஜீப் வரிசை. சிலமலை, தேவாரம் பக்கத்துப் பெண்கள் தோட்ட வேலைக்கு. ஒரு ஜீப்பில் அடைசல். கை, கால், தூக்குவாளி எல்லாம் வெளியே.

"எத்தனை பேரய்யா ஏத்தியிருக்க?"

"எக்கா, எல்லாரும் சொந்தக்காரவுக. எறங்கச் சொன்னா கல்யாணத்துக்குக் கூப்புட மாட்டாக."

சிரிப்பு வந்துவிட்டது. நான்கு பேரை இறக்கிப் பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றினேன். உள்ளேயிருந்து ஒரு அம்மா: "நேத்து ராத்திரி யானை எங்க தென்னையில நாலஞ்ச சாச்சுட்டுப் போயிருச்சு, அதை எறக்கிவிடுங்கத்தா மொதல்ல." நியாயம்தான்.

பிறகுதான் அது நடந்தது. மைக்கில் கண்ட்ரோல் கூப்பிட்டது. எல்லா செக்போஸ்ட்டும் வரிசையாகப் பதில் சொல்லணும். எத்தனை பேர் டூட்டி, வார ஓய்வு கொடுக்கப்படுகிறதா, பெண் காவலர்க்குக் கழிப்பறை உண்டா. கோர்ட் கேட்டதாம், அரசாங்கம் பதில் சொல்லணுமாம். சட்டசபை என்றான் சரவணன். யார் கேட்டாலும் சரி, ஒருவர் கேட்டாரே!

பாண்டி அண்ணன் மைக்கை எடுத்தார். "ஆறு பேர் டூட்டி. ஓய்வு உண்டு. கழிப்பறை இருக்கு. ஓவர்."

"என்னண்ணே இப்புடிச் சொல்லிட்டீக?"

"கட்டடம் இருக்குல்ல ஆத்தா. இல்லன்னு சொன்னா ஏன் இல்ல, எதுக்கு இல்லன்னு நூறு கேள்வி. அதுக்கு ஆரு பதில் சொல்றது?"

நல்ல மனிதர். நான் சேச்சி வீட்டுக்கு ஏறும்போதெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் என் இடத்தில் வந்து நிற்பவர். அதனால்தான் கோபம் இரண்டு மடங்கு. மத்தியானம் வரை பேசவில்லை. சாப்பாட்டில் அவர் வீட்டுக் கருவாட்டுக் குழம்பு. அதற்கு மட்டும் பேசினேன்.

நன்றி: கருவாட்டுக்கு. வேறு யாருக்கும் இன்று கிடையாது.

10-7, வியாழன்

எழுதிவிடுகிறேன்.

நல்ல மழை. தோட்டத்தில் வேலையை நிறுத்திவிட்டார்கள். சேச்சி வீட்டில் இருந்தார். பாத்ரூம் போய்விட்டு வந்தேன். அடுப்பில் கட்டன் சாயா, பால் இல்லாமல் ஏலக்காய் தட்டிப் போட்டது. "இரி மோளே, ஒரு கிளாஸ் குடிச்சிட்டுப் போ. முகம் வெளிறிக் கெடக்கு."

"வேணாம் சேச்சி. குடிச்சா மறுபடி இங்கதான் ஓடி வரணும்."

"வா. ஞான் கதவைப் பூட்டியோ?"

அந்த ஒரு சொல்லில் எல்லாம் கொட்டிவிட்டது. நேற்று கண்ட்ரோலில் கேட்டதைச் சொன்னேன். "இருக்குன்னு சொல்லிட்டாக சேச்சி! ஆமா, இருக்கு, பேரிகேட் ஒண்ணுக்குப் போறதுக்கு. ஆறு பேராம். மூணு பேரு ரோட்டுல நிக்கிறோம், மூணு பேரு பேப்பர்ல நிக்கிறாக. வார லீவாம். எம் புள்ள, அம்மா நீ எப்பம்மா லீவுன்னு கேக்குறதையே விட்டுருச்சு. காலையில எந்திரிச்சதுல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. என்னையக் கேட்டா, எனக்கு அரசாங்கம்னா உங்க வீட்டுப் பாத்ரூம்தான்."

சேச்சி சிரித்துச் சிரித்து இருமினார். "அப்போ எனக்கு ஒரு பென்ஷன் கொடுக்கச் சொல்லு உன் சர்க்காரை." நானும் சிரித்தேன். சாயா குடித்தேன். இரண்டு கிளாஸ்.

கீழே இறங்கினால் பா. அண்ணன் மழையில் நிற்கிறார், தொப்பி இல்லாமல்.

"மைக்கை எங்க வச்ச?"

ரெயின்கோட் பையில். எடுத்தால் சிவப்பு விளக்கு. பட்டன் உள்ளே போய் மாட்டியிருக்கிறது, பையின் மடிப்பு அழுத்திக்கொண்டு.

"ஜில்லா பூராக் கேட்டுருச்சு ஆத்தா. பென்ஷன் வரைக்கும் கேட்டுருச்சு."

பழைய செட்டாக இருந்தால் அந்த வளைவில் கரகரவோடு போயிருக்கும். தெளிவான செட் வேண்டும் என்று எத்தனை வருஷம் கேட்டோம்!

சரவணன் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் பேரிகேட் பக்கம் திரும்பி நின்றான். "யக்கா, சாயா வாசந்தான் வரல, மத்ததெல்லாம் வந்துருச்சு."

நன்றி எழுதத் தோன்றவில்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

11-7, வெள்ளி

சாரல் விட்டது. மலை கழுவிவிட்டது மாதிரி இருக்கிறது. பார்க்க மனசில்லை.

காலையில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நாளை நானும் பா. அண்ணனும் எஸ்.பி. அய்யா முன்னால் நிற்கணும். இன்ஸ்பெக்டர் என்னைத் தனியாக அழைத்து: "இந்தாம்மா, சும்மா தமாஷுக்குப் பேசுனேன்னு சொல்லிரு. கைய எடுத்துக் கும்பிட்டு மன்னிப்பு கேளு. அதோட முடிஞ்சிரும். இல்லாட்டி மைக்கைத் தப்பாப் பயன்படுத்துனேன்னு எழுதுவாக. எங்க தூக்கி அடிப்பாகன்னு எனக்கே தெரியாது."

கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அதுவும் தெரியும்.

தமாஷ் என்று சொன்னால் வேலை தப்பும், அந்தக் கட்டடம் கட்டடமாகவே நிற்கும், என் கிட்னி மதுரைக்குப் போகும். நிஜம் என்று சொன்னால் பா. அண்ணன் பொய் சொன்னவர் ஆகிறார். மழையில் எனக்காக நின்றவர். அவரை எப்படி மாட்டிவிடுவது? பிறகு செக்போஸ்ட்டில் நாள் முழுக்க அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நான் சேச்சி வீட்டுக்கு ஏறியதும் வந்து என் இடத்தில் நின்றார். வழக்கம்போல.

போன் ஓயவில்லை. முன்பின் தெரியாத பெண் காவலர்கள். "அக்கா, எங்களுக்கும் இதே கதிதான்." "சாப்பாடு கொண்டு போறதையே விட்டுட்டேங்க்கா." ஒருத்தி ஒன்றும் சொல்லாமல் அழுதுவிட்டு வைத்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை நான்.

ராத்திரி இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஏலக்காய்க் கடையில் தரம் பிரிக்கிற வேலை இவருக்கு, கையெல்லாம் அந்த மணம். கேட்டுக்கொண்டே பாப்பாவின் சட்டைக்கு பட்டன் தைத்தார். முடித்துவிட்டு: "வேலை போனா எங்கூட ஒக்காந்து காய் பொறுக்கலாம். கிட்னி போனா எதைப் பொறுக்குறது? உள்ளதச் சொல்லு."

நன்றி: இவருக்கு. கட்டிக்கொண்ட நாளிலிருந்து இப்படி ஒரு நாளைக்காகத்தான் வைத்திருந்தேன் போல. என் ரெயின்கோட்டையும் தைத்துவைத்திருக்கிறார். கோணல் தையல். இருக்கட்டும்.

12-7, சனி

ஷூ பாலிஷ். பெல்ட் பாலிஷ். பஸ்ஸில் பா. அண்ணன் பக்கத்து சீட்டில். இறங்கியதும், "டீ குடிக்கிறியா?" என்றார். வேண்டாம் என்றேன். "ஆமா, வேணாம்தான்," என்று தலையைக் குனிந்துகொண்டார்.

எஸ்.பி. அய்யா நிமிர்ந்து பார்த்தார். சல்யூட். வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்ததெல்லாம் நாக்கு நுனியில். கழிப்பறை இல்லைங்கய்யா, ஆள் பத்தலைங்கய்யா.

அவர் கேட்டது: "என்னம்மா, குறை ஏதும் இருக்கா?"

"இல்லைங்கய்யா!"

பாவி வாய்! கவாத்துப் பரேடுக்கு நிற்கும்போது எத்தனை வருஷம் கத்திய பதில். அந்தக் கேள்விக்கு அந்தப் பதில் தவிர வேறு எதுவும் இந்தத் தொண்டையில் இல்லை. விறைப்பாக நின்று, குதிங்கால் சேர்த்து, கணீரென்று சொல்லிவிட்டேன். இல்லைங்கய்யா. அப்படியே பூமி பிளந்து உள்ளே போனால் தேவலை என்று இருந்தது.

அய்யா புருவத்தைத் தூக்கினார்.

பா. அண்ணன் ஒரு அடி முன்னால் வந்து சல்யூட் அடித்தார். "இருக்குங்கய்யா. அந்தப் புள்ள பழக்கத்துல சொல்லிருச்சு. நானும் அன்னைக்குப் பழக்கத்துலதான் இருக்குன்னு சொன்னேன். கட்டடம் இருக்கு, கக்கூஸ் இல்ல. ஆறு பேரு இல்ல, மூணு பேரு. இந்தப் புள்ள தண்ணி குடிக்காம நிக்கிறத தெனம் பாத்துக்கிட்டே, இருக்குன்னு சொன்னவன் நான். என்னைய என்ன வேணாலும் செய்யுங்கய்யா."

எனக்கு அழுகை. யூனிபார்மில் அழக்கூடாது என்பார்கள். அழுதேன்.

அய்யா மேஜைமேல் இருந்த ஃபைலைத் திறந்து பார்த்தார். பிறகு: "நீங்க எல்லாரும் இருக்குன்னு சொன்னதை நம்பி, இருக்குன்னு கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டேன். இனி அது என் பொய். நான்தான் திருத்தி அனுப்பணும்." ஆள் தர அவரிடம் இல்லையாம். கேட்டு எழுதுவாராம், அதற்கு மேல் வாக்குக் கொடுக்க மாட்டாராம். அந்த மறுப்பு எனக்குப் பிடித்திருந்தது. கழிப்பறைக்குத் தண்ணீர் லைன் இந்த மாதமே. மைக்கைக் கவனமில்லாமல் வைத்ததற்கு எனக்கு ஒரு மெமோ. "வாங்கிக்கங்க," என்றார். "வாங்கிக்கிறேங்கய்யா!" இப்போது மட்டும் சரியாக வந்தது.

இன்னொன்றும் சொன்னார். நாளை காலை எல்லா செக்போஸ்ட்டும் மறுபடி மைக்கில் பதில் சொல்லணும். கழிப்பறை பற்றி மட்டும் அங்கே நிற்கிற பெண் காவலர் சொல்லணும், வேறு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

வெளியே வந்ததும் பா. அண்ணன் இரண்டு டீ வாங்கினார். "இப்பக் குடி. இங்க பெரிய ஆபீசு, எல்லா வசதியும் இருக்கும்." இருவரும் குடித்தோம். நான் சொன்ன நன்றி அவர் காதில் விழுந்ததா தெரியவில்லை, டீ சூடாக இருக்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தார். இங்கே எழுதிவைக்கிறேன். நன்றி அண்ணே.

13-7, ஞாயிறு

பனி. எதிரே வரும் லாரியின் லைட் மட்டும் தெரிகிறது. சேச்சி ஒரு பை நிறையப் பலாச்சுளை கொடுத்துவிட்டுப் போனார். சர்க்கார் பென்ஷனுக்கு முன்பணமாம், கிண்டல்.

கண்ட்ரோல் கூப்பிட்டது. வழக்கமான அதே பெண் குரல். முகம் பார்த்ததில்லை, சலிப்பு இல்லாத குரல். ஒவ்வொரு போஸ்ட்டாகக் கேட்டது. பா. அண்ணன் மைக்கைத் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளிப் போய் நின்றார்.

"பெண் காவலர்க்குக் கழிப்பறை உண்டா? ஓவர்."

"இல்லை. ஓவர்."

என் குரல்தானா அது? அடுத்த போஸ்ட், சின்னப் பெண், குரல் நடுங்க: "இல்லை. ஓவர்." அடுத்து: "இருக்கு, கதவு இல்லை. ஓவர்." அடுத்து: "இல்லை. ஓவர்." "இல்லை." "இல்லை. நன்றிக்கா. ஓவர்." அந்த நன்றி மைக்கில் சொல்லக் கூடாதது. யாரும் கண்டிக்கவில்லை. ஜீப்பிலிருந்த பெண்கள்கூடச் சத்தம் போடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

எல்லாம் முடிந்தது. லைனை அணைப்பார்கள் என்று நினைத்தேன். அணையவில்லை. கொஞ்சம் இரைச்சல். பிறகு அதே குரல், இந்த முறை மெதுவாக:

"கண்ட்ரோல் ரூம். இங்கேயும் இல்லை. ஓவர்."