திருப்பிக் கொடுத்த கவர்

அன்புள்ள பூங்குழலிக்கு,

கப்பல் ஆடினாலும் நான் நலமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? பஸ் ஸ்டாண்டு வரை நடக்காதே, ஆட்டோவில் போ.

ஓய்வு பெற்ற வாத்தியாருக்கு இங்கே பயணிகளின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை சுலபம்தான். போன வாரம் சின்ன விஷயம் ஒன்று நடந்தது, பயப்படாதே. ஒரு பயணி கவரில் பணம் கொடுத்தார். பள்ளியில் பெற்றோர் பூசணிக்காய் கொண்டுவந்தாலே திருப்பி அனுப்பியவன் அல்லவா நான்? கவரை அவர் கையிலேயே வைத்துவிட்டேன். தொகை குறைவென்று நான் அவமதித்ததாக நினைத்து, அவர் தன் பில்லிலிருந்த சர்வீஸ் சார்ஜையும் எடுக்கச் சொல்லிவிட்டார். அது ஊழியர்கள் எல்லோருக்கும் பங்காக வருவது.

எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்த தொண்டூர் ஜெயஸ்ரீ, என் பழைய மாணவி, என்னுடன்தான் வேலை செய்கிறாள். "இன்னா சார், பிச்சையா போட்டாங்க? நம்ம கூலி சார் அது. எங்க நைனாவுக்கு மாத்திரை அதுலதான் வாங்கணும்" என்றாள். மன்னிப்புக் கேட்க ஓடினேன். அந்தப் பயணி கொச்சியில் இறங்கிப் போயிருந்தார். என் சம்பளத்தில் தருகிறேன் என்றேன். "உங்ககிட்ட எப்படி சார் வாங்குவேன்?" என்று எழுந்து போய்விட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசையில் தனியாகத்தான் உட்காருகிறேன்.

தைலம் தீர்ந்துவிட்டது, அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்சம் கூடுதலாகப் பேசு, என்ன சமைத்தாய் என்றாவது சொல். அப்படியே தொண்டூர் போய் அவள் நைனாவுக்கு மாத்திரை வாங்கிக் கொடு. நான் சொன்னதாகச் சொல்லாதே, அவரும் வாங்கமாட்டார்.

பிள்ளைகள் வந்துவிட்டார்கள்.

உன்,
ராஜாங்கம்